மலைக்கு முதல் வண்டி: புளி விற்ற காசில் எதை வாங்கலாம்?

விதை, உரம், ஆட்டுக்கு வந்த கழிச்சல் என்று வரும் கேள்விகளுக்கு நடுவே, சமீபமாக வேறொரு கேள்வியும் நம் கேள்வி-பதில் பகுதிக்கு வந்துகொண்டிருக்கிறது. 'நாங்கள் மலையில் இருக்கிறோம். வீட்டில் இதுவரை வண்டி கிடையாது. கையில் இருக்கும் பணத்துக்கு எந்த டூவீலர் வாங்கலாம்?' நாலு வரியில் பதில் எழுதி முடிக்கிற கேள்வி இல்லை இது. அதனால், புளி உலுக்கும் நேரம் பார்த்து ஜவ்வாது மலைக்கே போய்வந்தேன்.

திருவண்ணாமலை மாவட்டம், ஜமுனாமரத்தூரிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே ஒரு சிற்றூர். தார் ரோடு முடிந்து, ஜல்லி பெயர்ந்த பாதையும் முடிந்து, அதற்கும் மேலே இருக்கிறது அந்த வீடு. பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். இரண்டு ஏக்கரில் சாமையும் கொஞ்சம் நெல்லும். நாலு புளிய மரம், இரண்டு பலா. வாசலில் புளி உடைத்துக்கொண்டே பேசினார்கள். புளி விற்றது, இரண்டு வெள்ளாடு விற்றது எல்லாம் சேர்த்துக் கையில் 42,000 ரூபாய்.

வீட்டில் மூன்று பேர்; மூன்று கட்சி. 19 வயது மகனுக்கு 150 சி.சி வண்டிதான் வேண்டும். "ஏத்தத்துல இழுக்கணும்ல சார்" என்கிறார். அப்பாவுக்கு டி.வி.எஸ் எக்ஸ்.எல் போதும். "மூட்டையைப் போட்டா கேள்வி கேக்காம வரும்." அம்மா வெகு நேரம் பேசவே இல்லை. கொட்டை எடுத்த புளியைக் கூடையில் போட்டுவிட்டுச் சொன்னார்: "போன மழைக்கு இவருக்குக் காய்ச்சல். புள்ளை ஊர்ல இல்ல. பக்கத்து வூட்டு வண்டி வர்ற வரைக்கும் ராவெல்லாம் உக்காந்திருந்தேன். எந்த வண்டி வாங்கினாலும் அதை நானும் ஓட்டணும். அவ்ளோதான்."

மூவரும் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால், மூவருமே ஒரு விஷயத்தை விட்டுவிட்டார்கள். அதைச் சொன்னவர் ஜமுனாமரத்தூரில் இருபது வருடமாகப் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக். "ஏத்தத்துக்கு எந்த வண்டியும் ஏறிடும் சார். மெதுவா ஏறும், அவ்ளோதான். எறக்கத்துலதான் வண்டியோட யோக்கியதை தெரியும். என்கிட்ட வர்ற அடிபட்ட வண்டியில முக்காவாசி எறக்கத்துல வுழுந்ததுதான்."

இறக்கத்தை வைத்துத் தேர்வு செய்யுங்கள்

போளூர் வழியாக வந்தாலும், ஆலங்காயம், காவலூர் வழியாக வந்தாலும் வளைவும் சரிவும் இல்லாமல் ஜமுனாமரத்தூருக்கு வர முடியாது. சமவெளியில் வண்டி வாங்குபவர் மைலேஜைக் கேட்பார். மலையில் இருப்பவர் முதலில் கேட்க வேண்டியது, 'மூட்டையோடு இறங்கும்போது இந்த வண்டியை எது பிடித்து நிறுத்தும்?' என்பதைத்தான்.

கியர் வண்டியில் அதற்கு இரண்டு கை இருக்கிறது. ஒன்று பிரேக். இன்னொன்று இன்ஜின். இரண்டாவது கியரிலோ முதல் கியரிலோ போட்டு, ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட்டால் போதும். எந்த கியரில் ஏறுகிறீர்களோ, அதே கியரில் இறங்க வேண்டும் என்பது லாரி டிரைவர்களின் கணக்கு. மோட்டார் சைக்கிளுக்கும் அது பொருந்தும்.

எக்ஸ்.எல் போன்ற மொபெட்டில் கிளட்ச் தானாக வேலை செய்யும். இன்ஜின் சுற்று குறைந்தால் கிளட்ச் விட்டுவிடும். அதாவது மெதுவாக இறங்கும்போது சக்கரத்துக்கும் இன்ஜினுக்கும் தொடர்பு இல்லை. பாரம் முழுவதும் பிரேக்கின் தலையில்தான். முன்னும் பின்னும் டிரம் பிரேக். நீண்ட சரிவில் பிரேக்கைப் பிடித்தபடியே வந்தால் டிரம் சூடேறி, பிடிமானம் குறைந்துகொண்டே போகும். லிவரை முழுதாக அழுத்தியும் வண்டி நிற்காத அந்த நிமிஷத்தில் யாரும் மைலேஜைப் பற்றி யோசிக்க மாட்டார்கள். எக்ஸ்.எல் வைத்திருப்பவர்கள் சரிவில் இரண்டு இடத்திலாவது நிறுத்தி, டிரம் ஆறிய பிறகு இறங்குவது நல்லது.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் போட்டு மலை இறங்குகிறார்கள். நான் நின்றிருந்த ஒரு மணி நேரத்தில் நாலு பேர் அப்படிப் போனார்கள். மிச்சமாவது சில ரூபாய் பெட்ரோல். அதற்காக வண்டியின் இரண்டு கையில் ஒன்றை வெட்டிப் போடுகிறோம்.

இதனால் எக்ஸ்.எல்லைக் குறை சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். 1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ் 50 வந்த நாளிலிருந்து நம் கிராமங்களின் மூட்டையைச் சுமந்தது இந்தக் குடும்பம்தான். இப்போதைய எக்ஸ்.எல் 100-ல் 99.7 சி.சி ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின். எண்ணெய் கலக்கும் வேலை இல்லை. எடை 90 கிலோவுக்கும் கீழே. சேற்றில் விழுந்தால் ஒருவரே தூக்கி நிறுத்தலாம். 130 கிலோ வரை ஏற்றலாம் என்பது கம்பெனி கணக்கு. ஓட்டுபவரின் எடையும் அதில் அடக்கம். காலடியில் தட்டையாக இடம் இருப்பதால் மூட்டை முன்னால் தாழ்வாக உட்காரும். கியர் வண்டியில் மூட்டை பின்னால்தான் போகும். ஏற்றத்தில் பின்பாரம் அழுத்த, முன்சக்கரம் லேசாகி, ஹேண்டில் ஆடும். முதல் வண்டி ஓட்டுபவருக்கு அது கை நடுங்கும் அனுபவம்.

ஆகவே, என் கணக்கு இதுதான். வீடு, கொல்லை, பக்கத்துச் சந்தை என்று மலைக்கு மேலேயே சுற்றும் குடும்பத்துக்கு எக்ஸ்.எல் போதும். வாரம் இரண்டு முறை சுமையோடு போளூருக்கோ திருப்பத்தூருக்கோ இறங்கி ஏறுபவர்களுக்கு 100 சி.சி கியர் வண்டி. நான் பார்த்த குடும்பத்தில் மகன் வாரத்தில் இரண்டு நாள் போளூர் போகிறார். சீசனில் பலாவும் சீதாப்பழமும் அவர்தான் இறக்குகிறார்.

உயரமும் மைலேஜும்

'மலை உயரத்தில் இழுவை குறையும், அதனால் பெரிய இன்ஜின்தான் வேண்டும்' என்று மகனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். காவலூர் வானாய்வகம் இருக்கும் இடம் சுமார் 725 மீட்டர் உயரம். அந்த உயரத்தில் குறையும் இழுவையை ஓட்டுபவர் உணர்வதே அரிது. ஏற்றத்தில் வண்டி திணறினால் காரணம் பெரும்பாலும் தேய்ந்த கிளட்ச், தொங்கும் செயின், காற்று குறைந்த டயர்.

மைலேஜுக்கும் ஒரு கணக்குப் போடலாம். ஒரு நாளைக்கு 25 கிலோமீட்டர், மாதம் 26 நாள் என்றால் 650 கிலோமீட்டர். லிட்டருக்கு 65 கொடுக்கும் வண்டிக்கு 10 லிட்டர். 60 கொடுக்கும் வண்டிக்கு 11 லிட்டருக்கும் கொஞ்சம் குறைவு. மாதத்துக்கு நூறு ரூபாய்கூட வித்தியாசம் வராது. ஒரு பஞ்சரில் போய்விடும். ஆனால், 45 கொடுக்கும் பெரிய வண்டி என்றால் பதினாலரை லிட்டர் ஆகும். மாதம் நானூறு ரூபாய்க்கு மேல் கூடும். 100 சி.சி வண்டிகளுக்குள் மைலேஜ் சண்டை வேண்டாம். 100-க்கும் 150-க்கும் நடுவேதான் கணக்கு உதைக்கும்.

100 சி.சி-யில் எது?

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹீரோ ஸ்ப்ளெண்டர் பிளஸ், ஹெச்.எஃப் டீலக்ஸ் இரண்டிலும் இருப்பது 97.2 சி.சி இன்ஜின்தான். பெயருக்கும் மினுமினுப்புக்கும் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம் என்றால் ஹெச்.எஃப் டீலக்ஸ். 2023-ல் வந்த ஹோண்டா ஷைன் 100 எடை குறைவு, 99 கிலோ. சீட்டும் தாழ்வு, உயரம் குறைந்தவர்களுக்குக் கால் நன்றாக ஊன்றும். பஜாஜ் பிளாட்டினா, டி.வி.எஸ் ஸ்போர்ட் இரண்டும் இதே வகைதான். எல்லாமே நல்ல வண்டிகள். உங்கள் ஊர் மெக்கானிக் எதைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பாரோ, எந்த வண்டியின் கிளட்ச் வயர் ஜமுனாமரத்தூர் கடையில் தொங்குகிறதோ, அதை வாங்குங்கள்.

சக்கரம் மட்டும் கவனியுங்கள். அலாய் வீலில் டியூப்லெஸ் டயர் இருந்தால் முள் குத்தினாலும் காற்று மெதுவாகத்தான் இறங்கும்; பஞ்சர் கிட் வைத்து நாமே அடைக்கலாம். ஆனால், கல்லில் மோதி அலாய் விரிந்தால் புது வீல்தான். கம்பிச் சக்கரம் நெளிந்தால் கோட்டம் எடுத்துவிடலாம். பாதை மோசமான ஊர்களுக்குக் கம்பிச் சக்கரமே என் தேர்வு.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ் 6 வண்டிகளில் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டருக்குப் பதில் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் இருக்கிறது. குளிர்காலத்தில் சோக் இழுக்காமலே கிளம்பும். ஆனால், பேட்டரி முழுக்க இறங்கிவிட்டால் கிக் அடித்தாலும் தகராறு செய்யும். பெட்டிக்கடை பாட்டில் பெட்ரோலில் வரும் தூசி, தண்ணீர் எல்லாம் இன்ஜெக்டரைக் கெடுக்கும். பங்க் தூரமாக இருக்கும் ஊர்க்காரர்கள் டேங்கைக் காயவிடாமல், இறங்கும்போதே நிரப்பிக்கொண்டு ஏறுங்கள்.

புதுசா, பழசா?

2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி வரையுள்ள வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. வரி போகும் முன் 50,000 ரூபாய் உள்ள வண்டி, முன்பு 64,000 ஆகியிருக்கும், இப்போது 59,000. நல்லதுதான். ஆனால், போர்டில் எழுதியிருக்கும் விலை ரோட்டுக்கு வரும் விலை அல்ல. தமிழ்நாட்டில் ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட புது இருசக்கர வாகனத்துக்கு ஆயுள் வரி 10 சதவிகிதம். அதோடு ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். 'எல்லாம் சேர்த்து எவ்வளவு?' என்று கேட்டு, தாளில் எழுதி வாங்குங்கள்.

42,000 ரூபாய் உள்ள குடும்பம் புதுசுக்குப் போனால் கடன்தான். இந்த இடத்தில்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். 50,000 ரூபாய் கடன், 12 சதவிகிதம், 24 மாதம் என்று சொல்வார்கள். 'ஃப்ளாட்' வட்டியில் இரண்டு வருடத்துக்கு 12,000 வட்டி, மொத்தம் 62,000, மாதத் தவணை 2,583 ரூபாய். மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி முதல் நாள் தொகைக்கே போடப்படுகிறது. குறையும் அசலுக்குக் கணக்குப் பார்த்தால் அது 21 சதவிகிதத்தைத் தாண்டும். இதைத் தெரிந்துகொள்ள இப்போது வழி இருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல், இப்படிக் கடன் கொடுக்கும் வங்கியோ நிதி நிறுவனமோ, எல்லாக் கட்டணமும் சேர்ந்த உண்மையான வருட வட்டியைக் காட்டும் விவரத் தாளை, வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கையெழுத்துப் போடும் முன் அதைக் கேளுங்கள்.

வட்டியைவிடப் பெரிய சிக்கல், தவணை மாதாமாதம் வரும். மலைக்காட்டு வருமானம் அப்படி வராது. புளி மாசி, பங்குனியில். சாமை அறுப்பு மழை ஓய்ந்த பிறகு. நடுவில் ஆடி, ஆவணியில் விதைக்கும் உழவுக்கும் செலவு மட்டுமே. அந்த ஊரிலேயே ஒரு வீட்டில், நாலு தவணை பாக்கி இருக்கும்போது வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். "இருபது மாசம் ஒழுங்கா கட்டினோம் சார். மழையில ரெண்டு மாசம் தவறிப்போச்சு" என்கிறார் அந்த வீட்டுப் பெரியவர். பால், கூலி, சம்பளம் என்று மாதாமாதம் ஒரு காசு உறுதியாக வரும் வீடு மட்டும் தவணைக்குப் போகலாம். மற்றவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுவில் கிடைக்குமா என்று முதலில் பாருங்கள்.

கையில் இருக்கும் காசுக்குள் முடிக்க நினைத்தால் பழைய வண்டி. காலையில், சொல்லாமல் போய்ப் பாருங்கள். இன்ஜினைத் தொட்டுப் பார்த்துச் சூடாக இருந்தால், உங்களுக்காக முன்பே கிளப்பி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். குளிர்ந்த வண்டி இரண்டு மூன்று கிக்கில் பிடிக்க வேண்டும். நீலப் புகை வந்தால் விட்டுவிடுங்கள். முன் ஃபோர்க்கில் எண்ணெய் வழிகிறதா, ஹேண்டிலைத் திருப்பும்போது நடுவில் கட்டுகிறதா, செயின் பல் கூராகத் தேய்ந்திருக்கிறதா, சேஸில் வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக ஒரு சரிவில் இறக்கிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

வண்டி நன்றாக இருந்து பேப்பரில் ஏமாந்தவர்கள்தான் அதிகம். நானே ஒரு முறை ஏமாந்திருக்கிறேன். கையெழுத்து மட்டும் போட்ட வெற்று ஃபாரம் இரண்டை வாங்கிக்கொண்டு, பெயர் மாற்றாமல் இரண்டு வருடம் ஓட்டினேன். பழைய சொந்தக்காரர் ஊரைவிட்டே போய்விட்டார். ஆர்.சி-யில் பழைய கடன் நீக்கப்படவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அலைந்த அலைச்சலில் இன்னொரு வண்டி வாங்கியிருக்கலாம். எனவே, ஆர்.சி-யில் உள்ள இன்ஜின் நம்பர், சேஸ் நம்பரை வண்டியோடு ஒப்பிடுங்கள். கடனில் வாங்கிய வண்டி என்றால் நிதி நிறுவனத்தின் தடையில்லாச் சான்றும் ஃபாரம் 35-ம் வேண்டும். பெயர் மாற்ற ஃபாரம் 29, 30. விற்றவர் 14 நாளுக்குள், வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். காப்பீட்டையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கேளுங்கள். பதிவு 15 வருடத்துக்குத்தான். முடியப்போகிற வண்டியா என்றும் பாருங்கள்.

விற்பவர்களுக்கும் இது பொருந்தும். வண்டி கைமாறிக் கைமாறிப் போயிருந்தாலும், ஆர்.சி-யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் நவீன்குமார் - விஜயகுமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வண்டிக்கு முன்னால் லைசென்ஸ்

அப்பாவிடம் லைசென்ஸ் இல்லை. "நான் பள்ளிக்கூடமே போகல சார், எனக்கு எப்படிக் குடுப்பாங்க?" என்றார். இருசக்கர வாகன லைசென்ஸுக்குப் படிப்பு கட்டாயம் இல்லை. 40 வயது தாண்டியவர்களுக்கு மருத்துவர் சான்று வேண்டும், அவ்வளவுதான். பழகுநர் உரிமம் ஆறு மாதம் செல்லும். 30 நாள் கழித்து ஓட்டிக் காட்டி நிரந்தர உரிமம் வாங்கலாம். கியர் வண்டிக்கு வாங்கினால் எக்ஸ்.எல்லையும் ஓட்டலாம். கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் வாங்கினால், கியர் வண்டியைத் தொட முடியாது.

16 வயதுப் பிள்ளை எக்ஸ்.எல் ஓட்டலாம் என்று பலர் நினைக்கிறார்கள். 16 வயதுக்கான அனுமதி 50 சி.சி-க்குள் உள்ள கியர் இல்லாத வண்டிக்குத்தான். எக்ஸ்.எல் 100 அதைப்போல இரண்டு மடங்கு. 18 வயது ஆகாத பிள்ளை வண்டியோடு மாட்டினால், பெற்றோருக்கோ வண்டிக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது.

காப்பீட்டில் அதிகம் பேர் கவனிக்காதது, சொந்தக்காரருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு. மூன்றாம் நபர் காப்பீடு ஐந்து வருடத்துக்கு இருப்பதால், 'எல்லாம் இருக்கு' என்று இருந்துவிடுகிறோம். தனிநபர் காப்பீடு பல நேரம் முதல் வருடத்தோடு முடிந்துவிடும். அதைப் புதுப்பித்தாலும் செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாதவர் குடும்பத்துக்கு அந்தப் பணம் கிடைக்காது. கையில் உள்ள பணத்தில் நாலைந்தாயிரத்தை முதலிலேயே தனியாக எடுத்து வையுங்கள்: லைசென்ஸ், காப்பீடு, இரண்டு ஐ.எஸ்.ஐ ஹெல்மெட். மிச்சம்தான் வண்டிக்கு.

*

ஆனி மாதம் அந்த வீட்டுக்கு மறுபடி போனேன். மெக்கானிக்கையே கூட்டிப்போய், 2019-ம் வருட ஹெச்.எஃப் டீலக்ஸ் ஒன்றை 36,000 ரூபாய்க்கு முடித்திருந்தார்கள். பி.எஸ் 4, கார்புரேட்டர், கம்பிச் சக்கரம். மகனுக்கு முதல் வாரம் முகம் சரியில்லையாம். பிறகு ஒரு நாள் போளூர் ரோட்டு வளைவில் முன்னால் போன வண்டி பிரேக் பிடிக்காமல் பள்ளத்தில் இறங்கியதைப் பார்த்ததிலிருந்து, இரண்டாவது கியரில்தான் இறங்குகிறார்.

ஆர்.சி அம்மா பெயரில். அறுப்பு முடிந்த களத்தில் இருபது நாள் சுற்றிச் சுற்றி ஓட்டிப் பழகியிருக்கிறார். "கியரு கஷ்டம்னாங்க. ஏர் ஓட்டத் தெரிஞ்சவளுக்கு இது என்ன கஷ்டம்?" என்றவர், பழகுநர் உரிமத்தை எடுத்துக் காட்டினார். லைசென்ஸ் வாங்கிய மகன் பின்னால் ஏறிக்கொண்டார். மடியில் ஒரு பலாப்பழம். வண்டி முதல் கியரிலேயே மெதுவாகச் சரிவில் இறங்கியது.